எதிர்வீட்டுக்குக் குறைந்த வரியா?

லண்டனில் வீடு வாங்கியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "எதிர்வீடும் எங்கள் வீடும் ஒரே மாதிரி. அவர்களுக்கு 'டி' வகுப்பு வரி, எங்களுக்கு 'இ'. மனுப் போடலாமா?"

கோபம் நியாயந்தான். 'டி' ஒன்பது பங்கு கட்டினால் 'இ' பதினொரு பங்கு கட்ட வேண்டும், அதுவும் வருஷா வருஷம்! இங்கிலாந்தில் 1991 ஏப்ரல் முதல் தேதி வீடு என்ன விலை போயிருக்கும் என்பதே கணக்கு. அப்போது அவசரத்தில் பல வீடுகளைக் காரில் போகிறபோதே பார்த்து மதிப்பிட்டார்கள். தவறு நேர்ந்திருக்கலாம்.

ஆனால், அம்மா, வகுப்பு இறங்கத்தான் இறங்கும் என்பதில்லை, ஏறவும் ஏறும். எதிர்வீட்டுக்குத்தான் தவறு என்று கண்டால் அவர்களுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்று. முன்னிருந்தவர் அறை கூட்டிக் கட்டி உங்களுக்கு விற்றாரா? விற்ற பிறகு வகுப்பு ஏறலாம். கட்டியவரே குடியிருக்கும்வரை அதற்காக ஏற்றமாட்டார்கள்.

ஆகவே எதிர்வீடு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அரசாங்க இணையப் பட்டியலில் தெரு முழுவதும் பாருங்கள். அளவிலும் வயதிலும் ஒத்த நாலைந்து வீடுகள் 'டி'யில் இருக்கின்றனவா? 1991-ஐ ஒட்டி அவை 88,000 பவுனுக்குள் விற்றனவா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாக எழுதுங்கள். ஒன்றுதான் பொருந்துகிறதென்றால் நான் எழுதமாட்டேன்.

மனுவுக்குக் கட்டணமில்லை, கமிஷன் கேட்கும் தரகர் எதற்கு? குடிவந்த ஆறு மாதத்துக்குள் எழுதினால் அப்பீல் உரிமையும் உண்டு. முடிவு வரும்வரை பழைய வரியைத் தவறாமல் கட்டி வாருங்கள்.