வெற்றுத்தாளில் கையெழுத்து!

அந்நாளில் வட்டிக்கடைக்காரர் வெற்றுப் புரோநோட்டை நீட்டுவார். "இங்கே ஒரு கையெழுத்துப் போடப்பா, தொகையைப் பிறகு நான் எழுதிக்கொள்கிறேன்" என்பார். பொழுது விடிந்தால் மகளுக்குத் திருமணம், மடியிலே காசில்லை, என்ன செய்வான் ஏழை உழவன்? போட்டான் கையெழுத்தை! வாங்கியது நூறு, தாளிலே ஏறியது ஐந்நூறு! "நான் வாங்கியது நூறுதான் ஐயா" என்று நீதிமன்றத்திலே கதறினான். "கையெழுத்து உன்னுடையதா, இல்லையா?" ஒரே கேள்விதான். காணி போயிற்று!

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று மார்தட்டுகிறோம். மறையவில்லை அந்த வெற்றுத்தாள். மாறுவேடம் பூண்டு நம் கைப்பேசிக்கே வந்திருக்கிறது! "மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத் தாருங்கள், நண்பர்களைத் தேடித் தருகிறோம்" என்று குழைகிறது ஓர் இணையதளம். "வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தாருங்கள், வரவு செலவைப் பார்த்துக் கடன் தருகிறோம்" என்று அழைக்கிறது ஒரு செயலி. கேட்பவன் சிரித்துக்கொண்டே கேட்கிறான். கொடுப்பவன் சிந்திக்காமலே கொடுக்கிறான்!

கொடுத்தது எது என்பதை எண்ணிப் பார்த்தோமா? "முகவரிகளை மட்டும் பார், கடிதங்களைப் படிக்காதே" என்று கடவுச்சொல்லிடம் சொல்லி அனுப்ப முடியுமா? "இன்று மட்டும் திற, நாளை திறக்காதே" என்று அதற்குக் கெடு வைக்க முடியுமா? முடியாது! அதைப் பெற்றவன் விருந்தாளியாக நுழைவதில்லை, வீட்டுக்காரனாகவே நுழைகிறான். அதிலும் மின்னஞ்சல் ஒரு சாவிக்கொத்து! வேறு எத்தனையோ கணக்குகளில் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால், புதிய சொல் அமைக்கும் வழி அந்த மின்னஞ்சலுக்குத்தானே வந்து சேருகிறது!

"பெரிய நிறுவனம் கேட்டால் கொடுக்கலாமே" என்பார்கள் சில நண்பர்கள். பெரிய நிறுவனத்தின் கதையையே கேட்கட்டும். புதிதாகச் சேர வந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டது ஃபேஸ்புக். அடையாளம் சரிபார்க்கவாம்! 2019 ஏப்ரலில் உண்மை வெளியாயிற்று. 2016 மே முதல் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியல்கள், அவர்கள் இசைவு கேட்காமலே அந்த நிறுவனத்தின் கிடங்குக்குப் போயிருந்தன. "தெரியாமல் நேர்ந்தது, அழித்துவிடுகிறோம்" என்றார்கள். தெரியாமலே நேர்ந்ததாக இருக்கட்டும். கேட்டது சரிபார்க்க, எடுத்தது முகவரிகளை! வெளியுலகுக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் அது தெரியவே இல்லையே!

கேட்பவன் நல்லவனாகவே இருந்தாலும் போதுமா? அமெரிக்காவில் ராக்யூ என்றொரு நிறுவனம். படங்களைக் கோத்துப் பாட்டோடு ஓடவிடும் பொழுதுபோக்குத் தளம். செய்த படத்தொகுப்பைச் சேமிக்க வேண்டுமானால் மின்னஞ்சல் முகவரியோடு அதன் கடவுச்சொல்லையும் தரவேண்டும்! தந்தார்கள் மக்கள். நிறுவனம் அவற்றைப் பூட்டி வைத்ததா? மறையாக்கம் ஏதுமின்றி, எழுதியது எழுதியபடியே அடுக்கி வைத்தது. 2009 டிசம்பரில் புகுந்தான் ஒருவன். 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களை வாரிக்கொண்டு போனான்! கேட்டவன் திருடவில்லை, கேட்டவன் வீட்டிலே திருட்டுப் போயிற்று. இழந்தவர் யார்? கொடுத்தவர்தான்!

சரி, பணம் போனால் வங்கி தராதா என்கிறீர்களா? 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகவே சொன்னது: பணப் பரிமாற்றத்துக்கான இரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பிறரிடம் கொடுத்து, அதனால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவரையே சாரும். "கையெழுத்து உன்னுடையதா?" என்ற பழைய கேள்வி, புதிய சட்டை அணிந்து வந்து நிற்கிறது!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது! 2007 இல் முதல் வடிவம் பெற்று, 2012 இல் இரண்டாம் வடிவம் கண்ட ஓஆத் என்ற முறை அதற்கென்றே பிறந்தது. அதிலே கடவுச்சொல்லை நம் கணக்குள்ள இடத்தில் மட்டுமே தருகிறோம். கேட்ட தளத்துக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச்சீட்டு. எதைப் பார்க்கலாம், எதுவரை செல்லும் என்று வரம்பு கட்டிய சீட்டு. வேண்டாமென்றால் நாமே கிழித்தெறியலாம்! வங்கி விவரங்களுக்கும், ரிசர்வ் வங்கி 2016 இல் விதி வகுத்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை, கடவுச்சொல் கேட்காமல் வாடிக்கையாளரின் இசைவைப் பெற்றே இயங்குகிறது. சீட்டு வாங்கிச் செல்ல வழியிருக்கும்போது சாவியையே கேட்பவனை என்னவென்பது?

ஆகவே நாம் சொல்கிறோம்: ஏற்கெனவே கொடுத்தவர்கள் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே சொல்லை வேறிடத்தில் வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். இணைந்திருக்கும் செயலிகளின் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றை நீக்குங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். தாமதத்துக்கும் விலை உண்டு!

வெற்றுத்தாளை நீட்டும் கைகள் நாளையும் வரும், நயமாகவே வரும். அன்று உழவனை மடக்கியது வறுமை. அவனுக்கு வேறு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. இருந்தும் கையெழுத்திடலாமா?