பிராங்க்ஸ் தோழர்களே, கதவைத் தட்டுங்கள்!

தோழர்களே! இரவு ஷிப்ட் முடித்து ரயிலேறுபவர்களே! ஊரான் வீட்டைத் துடைத்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்புபவர்களே! நில்லுங்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நம்மில் மூவரில் ஒருவர். மூவரில் ஒருவர், தோழர்களே!

2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் மக்களை ஆய்வுக்குச் சேர்த்தார்கள். இடுப்பை அளந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பெண்களில் 36 சதவீதம், ஆண்களில் 34 சதவீதம் பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம். புவேர்ட்டோ ரிக்கோ பெண்களில் 41 சதவீதம். நம் அம்மாக்கள். நம் அக்காக்கள்.

பெருத்த இடுப்பு, ஏறிய ரத்த அழுத்தம், ஏறிய சர்க்கரை, ஏறிய ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். வலிக்காது. காய்ச்சல் வராது. சத்தமில்லாமல் இருந்து ஒருநாள் மாரடைப்பாக வரும், பக்கவாதமாக வரும்.

அதே ஆய்வில் சர்க்கரை நோய் இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காப்பீடு இல்லை. நாம் பேசாமல் இருந்ததற்கு விலை இது. இன்னும் எத்தனை பேரைக் கொடுக்கப் போகிறோம்?

வாயைக் கட்டு என்கிறார்கள் நம்மிடம். இரண்டு வேலை பார்ப்பவன் எப்போது சமைப்பான்? தெருமுனை போதேகா கடையில் சோடா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். டாக்டரோ எட்டாத தூரத்தில். 2010 சுகாதாரச் சட்டத்தைப் பாருங்கள்: குடியேற்றக் காகிதம் இல்லாதவர் கைக்காசு போட்டுக்கூட அந்தச் சட்டம் அமைத்த சந்தையில் காப்பீடு வாங்க முடியாது! நோய்க்குத் தெரியாத எல்லையைச் சட்டம் போட்டது. இதற்கு நாம் வெட்கப்பட வேண்டுமா? வேண்டாம். தலை நிமிருங்கள்.

1970ஐ நினையுங்கள். புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் இயக்கமான யங் லார்ட்ஸ் தோழர்கள் வீடுவீடாகப் போய்க் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். எக்ஸ்ரே வண்டியை அதிகாரிகள் தரவில்லை. ஜூனில் வண்டியையே கைப்பற்றி கிழக்கு ஹார்லெம் தெருவில் நிறுத்தினார்கள். ஜூலை 14 அன்று இதே தெற்கு பிராங்க்ஸில் லிங்கன் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பலர் இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள்! நமக்கு என்ன தடை? பயமா? பயத்தோடேயே வாருங்கள்.

இன்றே தொடங்குங்கள். அளவு நாடாவை எடுங்கள். ரத்த அழுத்தக் கருவியை எடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தேவாலயத்தில் பேசுங்கள். சலவைக் கடையில் பேசுங்கள். ஸ்பானிய மொழியில் உரக்கப் பேசுங்கள். அளந்த எண்ணை எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். ஏறியிருந்தால் தனியே அனுப்பாதீர்கள், கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.

பிறகு எல்லோருமாகக் கேட்போம்: நம் தெருவுக்குப் பரிசோதனை வண்டி வேண்டும். நம் மொழி பேசும் டாக்டர் வேண்டும். காகிதம் கேட்காத காப்பீடு வேண்டும். வண்டி வராதா? போய்க் கொண்டுவருவோம். வாருங்கள், தோழர்களே!