யார் பணத்தில் யார் வள்ளல்?

ஏம்பலத்தை அடுத்த ஊரொன்றில் நமது தோழர்களிடையே ஒரு வழக்கு மூண்டிருக்கிறது. படிப்பகத்துக்கு நல்ல கட்டடம் இல்லை. கூரை ஒழுகுகிறது, ஏடுகள் நனைகின்றன. செல்வர் ஒருவர் முன்வந்து, "நான் கட்டித் தருகிறேன், முகப்பில் என் பெயரைப் பொறித்துவிடுங்கள், அது போதும்" என்கிறார். அவருடைய செல்வம் எவ்வாறு திரண்டது என்பதை அவ்வூர்க் கூலி மக்கள் அறிவர். கடன் சீட்டிலே கைநாட்டு வைத்த விரல்கள் இன்னும் நன்றாக அறியும். ஒரு சாரார், "பணம் எவருடையதாயினும் படிப்பு நம் பிள்ளைகளுடையதுதானே! பெயர் போனால் போகட்டும்" என்கின்றனர். மற்றொரு சாரார், கட்டடமே வேண்டா என்கின்றனர். இடையே எழுந்தார் கல்லூரிப் படிப்பு முடித்த இளந்தோழர் ஒருவர். "அமெரிக்காவிலே யேல் பல்கலைக் கழகம் இருக்கிறதே! நமது சென்னையிலே கவர்னராக இருந்த யேல் துரையின் கொடையால் அல்லவா அது பெயர் பெற்றது? அந்தப் பணம் எங்கிருந்து வந்ததென்று எவரேனும் துருவினார்களா?" என்று கேட்டார்.

துருவினார்கள், தோழரே! இன்றும் துருவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கட்சிக்கு வலுவூட்ட நீங்கள் கொண்டுவந்த சாட்சி, குறுக்கு விசாரணையில் எதிர்க்கட்சிக்குச் சாதகமாகப் பேசுகிற சாட்சி. சற்றே கூண்டில் ஏற்றிப் பார்ப்போம்.

எலிஹு யேல் 1649-இல் அமெரிக்காவிலே பாஸ்டன் நகரில் பிறந்தவர். இளங்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-இல் சென்னைக்கு வந்தார். 1687-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னரானார். கம்பெனி கொடுத்த சம்பளத்தில் அவர் கோடீசுவரர் ஆகவில்லை. கம்பெனியின் பெயரால் ஆண்டுகொண்டே தம் பெயரால் வாணிகம் நடத்தினார். பொன்னும் வைரமும் சேர்த்தார். முறைகேடுகள் பற்றிப் புகார்கள் குவியவே, 1692-இல் அந்தக் கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. கொள்ளைக் கூட்டத்துக்கே பொறுக்கவில்லை என்றால் கொள்ளையின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளலாம்!

அவர் கைவரிசை நம் வாசலுக்கும் வந்தது. 1690-இல், செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனிக்காக விலைக்கு வாங்கியவர் இந்த யேல்தான். ஏம்பலத்திலிருந்து மிதிவண்டியில் போய்த் திரும்பும் தூரம். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பேரத்திலே ஒரு புதுமை செய்தார்கள்: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும், குண்டு எட்டிய தொலைவுக்குள் அடங்கும் ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்! சென்னையிலிருந்து போன கடிதம், பீரங்கியை நிரப்பிச் சுடுவதில் பீரங்கிக்காரனின் திறமை அடங்கியிருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லியது. குண்டுகள் பறந்தன. உழுதவனைக் கேட்டாரில்லை, நெய்தவனைக் கேட்டாரில்லை. காலையில் ஒருவன் குடி, மாலையில் வேறொருவன் குடி. அந்த ஊர்களுக்குப் பீரங்கிக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. பின்னாளில் கிளைவ் அந்தக் கோட்டையில்தான் வளர்ந்தார். 1752-இல் அந்தக் கோட்டையின் பக்கத்திலிருந்துதான் லாரன்சின் படை நமது பாகூர் மண்ணிலே வந்து நின்று, துய்ப்ளேயின் உறவினரான கெர்ழானின் பிரெஞ்சுப் படையை முறியடித்து அவரையும் சிறைப்பிடித்தது. எவன் வென்றால் என்ன, மிதிபட்டது நம் கழனி!

நிலம் போனது போகட்டும், மனிதர் கதைக்கு வருவோம்.

1687 பஞ்ச காலம். சோற்றுக்கில்லாமல் தம்மையும் பெற்ற பிள்ளைகளையும் விற்றவர்கள் சென்னைக் கடற்கரையிலே கப்பலேற்றப்பட்டார்கள். அவ்வாண்டில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர்! அக்டோபரில், யேல் தலைமை வகித்த கோட்டைச் சபை ஓர் ஆணை பிறப்பித்தது: ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும். மிளகு, துணி, அவுரி, அவற்றோடு பத்து மனிதர்! 1688-இல் அதே சபை அடிமை ஏற்றுமதியைத் தடுத்தது. அருள் சுரந்ததாலா? இல்லை. கோல்கொண்டாவை வென்றிருந்த முகலாய ஆட்சியின் சீற்றத்துக்கு அஞ்சியே தடுத்தது. யேல் தம் சொந்தக் கணக்கில் மனிதரை விற்றாரா என்பதில் ஆய்வாளரிடையே வழக்குண்டு. இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிட்டவருக்கு வேறு சாட்சி எதற்கு?

பிரெஞ்சுக்காரர் மட்டும் யோக்கியர் என்று எவரும் மார்தட்ட வேண்டா. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743-ஆம் ஆண்டுச் செய்தியாகச் சொல்கிறது: ஏழைகளை ஏமாற்றியும் மயக்கியும் பிடித்து வந்து, அடைத்து வைத்து, இரவோடு இரவாகக் கப்பலேற்றினார்களாம், இதே புதுச்சேரியிலே! இன்றும் நமது கடற்கரைப் பூங்காவிலே நிற்பது துய்ப்ளேயின் சிலை. கப்பலேறியவர்க்கு ஒரு கல் உண்டா?

"அக்காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்பர் சில அறிவாளிகள். அக்காலத்து அளவுகோலாலேயே அளப்போம், வாருங்கள்! சென்னைச் சபை முகலாயருக்கு அஞ்சிய அதே 1688-இல், யேல் பிறந்த அதே அமெரிக்க மண்ணில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜெர்மன்டவுன் என்னும் சிற்றூரிலே நால்வர் கூடி, மனிதனை மனிதன் வாங்குவதும் விற்பதும் அநீதி என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். பெரிய மனிதர்கள் அல்லர். புதிதாகக் குடியேறிய எளியோர். குவேக்கர் சமயச் சபையின் மேலோர் அந்தத் தாளை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் தாள் அழியவில்லை. ஆகவே, அக்காலத்துக்குத் தெரியாமல் இல்லை. அக்காலத்துப் பணக்காரருக்குத் தெரிய விருப்பமில்லை!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பெஞ்சமின் லே. 1682-இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் பிறந்தவர். கப்பலிலே கூலி வேலை செய்தவர். நான்கடிக்குச் சற்றே மேற்பட்ட உயரம், கூன் முதுகு. பார்படோஸ் தீவில் அடிமைகள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர், பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து குகையொன்றில் வாழ்ந்தார். அடிமையின் உழைப்பால் விளைந்த எதையும் உண்ணேன், உடுத்தேன் என்று நின்றார். 1738-இல் பர்லிங்டன் நகரிலே குவேக்கர் பேரவை கூடியபோது, மேலங்கிக்குள் வாளும் புத்தகமும் மறைத்துக்கொண்டு நுழைந்தார். புத்தகத்தின் உட்பகுதியைக் குடைந்து, செந்நிறப் பழச்சாறு நிரம்பிய பையை உள்ளே வைத்திருந்தார். அடிமை வைத்திருந்த சீமான்களின் நடுவே அதை வாளால் குத்தினார். சாறு பீறிட்டுச் சீமான்களின் உடையில் தெறித்தது, குருதி போல. தூக்கி வெளியே எறிந்தார்கள். சபையை விட்டும் விலக்கினார்கள். இருபதாண்டு கழித்து, 1758-இல், அடிமை வாங்கி விற்போர்மேல் நடவடிக்கை எடுப்பதென்று அதே குவேக்கர் சபை முடிவு செய்தது. அதைக் காதாரக் கேட்டுவிட்டு மறு ஆண்டு கண்மூடினார் லே. அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? யேல் பெயரையோ அறியாதவர் இல்லை!

அந்தப் பெயரின் விலை என்ன தெரியுமா? 1718-இல், தவித்துக்கொண்டிருந்த கனெக்டிகட் கல்லூரிக்கு யேல் அனுப்பியவை: ஒன்பது பொதிச் சரக்கு, 417 நூல்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கு விற்றதில் கிடைத்தது 562 பவுன். "தாங்கள் கொடுத்தால் தங்கள் பெயரே சூட்டப்படும்" என்று ஆசை காட்டிக் கடிதம் எழுதியவர் காட்டன் மேதர் என்னும் பாதிரியார். ஊர் ஊராகச் சுருட்டியதில் ஒரு துளி. அதற்கு முந்நூறு ஆண்டுப் புகழ். வைர வியாபாரியின் வாழ்நாளிலேயே இதைவிட மலிவான கொள்முதல் வேறிராது!

இன்று அங்கே நடப்பதையும் இளந்தோழர் பார்க்க வேண்டும். அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய கால்ஹூனின் பெயரைத் தம் கல்லூரிப் பிரிவொன்றிலிருந்து 2017-இல் நீக்கி, கணிப்பொறி மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் பெயரைச் சூட்டினார்கள். 2024-இல், அடிமை முறையோடு தமக்கிருந்த உறவுக்காகப் பல்கலைக் கழகமே மன்னிப்புக் கேட்டது. யேலின் ஓவியமொன்றில், சீமான்களுக்குப் பணிபுரிந்து நிற்கிறான் ஒரு கறுப்பினச் சிறுவன். கழுத்திலே பூட்டிய உலோக வளையம். 2020-இல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஆராய்ந்தார்கள். படத்திலுள்ள பிரபுக்களின் பெயர்கள் கிடைக்கின்றன. சிறுவனின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

நமது ஊர் வழக்கு நாளை இதுபோல் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும். வரும் ஞாயிறு படிப்பகக் குழு கூடுகிறது. கட்டடம் வேண்டா என்போரோடு நான் இல்லை. நனைகிற ஏடுகளுக்கு வீறாப்பு கூரையாகாது. ஆனால் செல்வரிடம் போகும் தோழர்கள் இரண்டைக் கேட்டு வரட்டும். முகப்பிலே படிப்பகம் என்ற சொல் மட்டும் இருக்க இசைவாரா? அடிக்கல் நாட்டும் நாளுக்கு முன்னதாக, வட்டியிலேயே முதலைக் கடந்துவிட்ட அந்தக் கடன் சீட்டுகளை உரியவர் கையில் திருப்பித் தருவாரா? சீட்டுகள் வந்து சேரட்டும். செங்கல் சுமக்க நாங்களும் வருகிறோம்.