காயத்தின் விலை

2016 நவம்பரில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு ரிவால்வரை ஏலம் விட்டது. ஏழு மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஆறு கொள்ளும் லெஃபோஷே வகைத் துப்பாக்கி அது. 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் அதை 23 பிராங்குக்கு வாங்கிய கவிஞர் போல் வெர்லேன், அன்றே அதனால் ரைம்போவை இருமுறை சுட்டார். ஒரு குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது, மற்றது தப்பியது. வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கிக்குக் கிடைத்த விலை 4,34,500 யூரோ.

2019 ஜூனில் அதே நகரில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. துருவேறி, எதற்கும் உதவாத நிலையில் இருந்தது. 1960களில் ஓவேர்சூர்வாஸ் வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்தது. வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்ட துப்பாக்கி இதுவாக இருக்கலாம் என்பதற்குச் சூழல் சான்றுகள் உண்டு, உறுதி இல்லை. அந்த ‘இருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு 1,62,500 யூரோ கொடுக்க ஆள் இருந்தது.

இவ்விரண்டும் தம்மளவில் அபூர்வமான பொருள்கள் அல்ல. ஐரோப்பா முழுவதும் சட்டைப்பைக்காகச் செய்து விற்கப்பட்ட மலிவுச் சரக்கு. அப்படியானால் வாங்கியவர் வாங்கியது எதை? இரும்பை அல்ல, காயத்தை என்றே சொல்லத் தோன்றுகிறது. பழைய துப்பாக்கி சேகரிப்பதைப் பற்றி எனக்குள்ள மனக்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சேகரிப்பே தவறு என்பதல்ல என் வாதம். இரட்டை இயக்க ரிவால்வரின் வரலாறு மனித மூளை ஒரு சிக்கலை அவிழ்த்த வரலாறு. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்த வேண்டும்; பிறகே விசையை அழுத்தலாம். 1851இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் வேறு வழியைக் கண்டார். விசையை இழுத்தால் போதும். உருளை சுழலும், சுத்தியல் தானே எழுந்து தானே விழும். கை வேகம் கூடியது. ஆனால் நீண்டு கனத்த அந்த இழுப்பில் குறி அசைந்தது. கோல்ட்டில் நிதானம் இருந்தது, வேகம் இல்லை. ஆடம்ஸில் வேகம் இருந்தது, நிதானம் இல்லை. அவ்வாண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இருவருமே தத்தம் படைப்பை வைத்திருந்தனர்.

1856இல் பிரெடரிக் போமான்ட் என்ற இளம் ராணுவப் பொறியாளர் இரண்டையும் ஒன்றாக்கினார். விரும்பினால் கட்டைவிரலால் சுத்தியலை நிறுத்திக் குறிபார்த்துச் சுடலாம். அவசரமென்றால் விசையை மட்டும் இழுக்கலாம். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. கோல்ட் லண்டனில் தொடங்கிய தொழிற்சாலையை அவ்வாண்டே மூடினார்.

மறு ஆண்டு 1857. வட இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கப் புறப்பட்ட அதிகாரிகள் பலரின் இடுப்பில் இந்த ஆடம்ஸும் கோல்ட்டும் இருந்தன. 1878இல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஒரு பொறியாளரின் நுட்பத்தை வியக்கும்போதே, அந்த நுட்பம் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மறுக்கப்பட்டது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல சேகரிப்பாளர் ஒருவகையில் சுவடி வாசிப்பவரைப் போன்றவர். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை இட்ட நீள்வட்ட முத்திரையில் மகுடம் இல்லையென்றால், துப்பாக்கி 1893க்கு முந்தியது என்று அவர் கணிப்பார். கோல்ட் நிறுவனத்தின் முதல் இரட்டை இயக்க ரிவால்வரான 1877 மாதிரியை எடுத்தால், அதன் உள்விசை மெலிந்தது, எளிதில் பழுதாவது என்பதை அறிந்திருப்பார். அந்த நிறுவனமே தடுமாறிய இடம் அது. மெருகேற்றிப் பளபளப்பாக்கினால் பொருளின் வரலாறு அழிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவுக்கு நான் மரியாதை செலுத்துகிறேன்.

ஆனால் இவர்களில் பலர் சொல்லும் ஒரு சமாதானம் எனக்கு ஒப்புதலாக இல்லை: ‘இவை செத்த பொருள்கள், வெறும் பழம்பொருள்.’ பழமை என்பது சட்டம் போட்ட கோடு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898 முடிய உருவானது பழம்பொருள். 1877 மாதிரி 1909 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே 1898 டிசம்பரில் பிறந்தது பழம்பொருள்; மறுமாதம் பிறந்த அதன் தம்பி ஆயுதம். இரும்புக்கு இந்த வேறுபாடு தெரியாது. பிரிட்டனில் இது வெறும் தர்க்கமாக நிற்கவில்லை. வழக்கொழிந்தவை என்று விலக்குப் பெற்றிருந்த தோட்டா வகைகளில் ஏழு, குற்றங்களில் பயன்படுவது கண்டறியப்பட்டு, 2021 மார்ச்சில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1877 கோல்ட்டுக்கு உரிய .41 தோட்டா. வைத்திருந்தவர்கள் உரிமம் பெறவோ கைவிடவோ வேண்டியதாயிற்று. செத்ததாகச் சொல்லப்பட்டது சாகவில்லை.

சேகரிப்பாளர்கள் இதைத் தம் மீது விழுந்த அடியாகக் கருதலாம். நான் அதை அவர்களின் துறைக்குக் கிடைத்த மரியாதையாகவே பார்க்கிறேன். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் இயங்குமளவுக்கு அந்தக் கைவினை நேர்த்தியானது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நேர்த்தியைப் புகழ்பவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். உரிமம் என்ற சுமை அந்தப் பொறுப்பின் மிகச் சிறிய பகுதிதான்.

பொருளோடு கதையும் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். சேர்ந்ததுதான். ஆனால் ஏலக்கூடம் கதையை வாசிப்பதில்லை, எடை போடுகிறது. நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களும் இதில் முழுக்க நிரபராதிகள் அல்ல. ரைம்போவின் கவிதைக்குள் நுழையச் சிரமப்படுகிறவர்களுக்கும் அந்த மணிக்கட்டுக் காயம் எளிதாக நினைவில் நிற்கிறது. அந்த 4,34,500 யூரோவை ஏற்றிவிட்டதில் நம் ஆர்வத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆடம்ஸின் துப்பாக்கியையும் போமான்ட்டின் திருத்தத்தையும் அருகருகே வைத்து, ஐந்தாண்டில் ஒரு சிந்தனை எப்படி முதிர்ந்தது என்று காட்டும் சேகரிப்பை நான் ஒரு நூலகம் என்பேன். யாரைச் சுட்டது என்ற குறிப்போடு கண்ணாடிப் பெட்டியில் தனித்திருக்கும் துப்பாக்கிக்கு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.