ஆர்க் பேசுற தமிழ்

போன எபிசோடில் கேம் இன்ஜின் பற்றிப் பேசிக்கிட்டு இருந்தப்ப, "டஞ்சன் மாஸ்டர் வேலையை ஏஐ செஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டு கோ-ஹோஸ்ட் என்னை மாட்டிவிட்டார். நான் சிரிச்சு மழுப்பிட்டேன். ஆமாம், நான்தான் சொன்னேன். 2023-ல், மைக் முன்னாடி, ரொம்ப தைரியமா. இப்போ அப்படி நினைக்கலை. ஏன் என்பதை ரெண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம்.

முதலில் என் பழைய கட்சி என்னன்னு சொல்லிடறேன். அது முழு முட்டாள்தனம் இல்லை.

என் தங்கச்சி 2016-ல் காலேஜ் சேர்ந்ததிலிருந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடறா. எட்டு வருஷம் அவளைக் கேலி பண்ணியிருக்கேன். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம். ஒருநாள் அதைப் புரட்டினதும் எனக்குத் தோணினது இதுதான்: இது ஒரு ப்ரோக்ராம், பாவம், மனுஷங்க இதைக் கையால ரன் பண்றாங்க. இருபது முகம் உள்ள டைஸை உருட்டு, உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு, டஞ்சன் மாஸ்டர் வச்ச எண்ணைத் தொட்டா ஜெயிச்ச, தொடலைன்னா தோத்த. இஃப், எல்ஸ், அவ்வளவுதான். 2019 டிசம்பரில் ஜிபிடி-2வை வச்சு ஏஐ டஞ்சன் வந்தப்ப "பாத்தியா?" என்றேன். 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 வந்தப்ப கேஸ் முடிஞ்சதுன்னேன். அதே ஐந்தாம் பதிப்பு விதிகள், கணக்கெல்லாம் மெஷின் பார்த்துக்கும், காட்சியும் கண் முன்னாடி ஓடும். அப்புறம் எதுக்கு டைனிங் டேபிளில் உட்கார்ந்து பென்சிலால் கூட்டல் போடணும்?

இன்னொரு காரணமும் இருந்தது, அதை வெளியே சொன்னதில்லை. கோட்டை, சாராயக்கடை, எல்ஃப், ஓக் மரக் காடு. இதில் நமக்கு என்ன இருக்கு என்ற எண்ணம்.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடியக்காலையில் பெரில் புயல் மாடகோர்டா பக்கம் கரை ஏறியது. ஹூஸ்டன் வட்டாரத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரெண்ட் போச்சு. இங்கே இருந்தவங்களுக்கு அந்த வாரத்தை விளக்க வேண்டாம். சுகர் லேண்டில் எங்க அப்பா அம்மா வீட்டில் கேஸ் அடுப்பு. அதனால் நான், தங்கச்சி, சித்தப்பா பையன் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துட்டோம். ஏசி இல்லை, வைஃபை இல்லை, என் கான்ட்ராக்ட் வேலைக்கு லாகின் பண்ண வழியில்லை. ஜன்னலைத் திறந்தா கொசு, மூடினா அவிஞ்சு போறோம். முதல் ரெண்டு ராத்திரி சீட்டு ஆடினோம். மூணாவது ராத்திரி தங்கச்சி ஒரு சுருக்குப்பையைக் கொண்டு வந்து டேபிளில் கொட்டினா. ஏழு டைஸ். "வேற ஏதாவது வேலை இருக்கா உனக்கு?" என்றாள். இல்லை.

தண்ணி பாட்டிலுக்கு அடியில் போன் டார்ச்சை வச்சா வெளிச்சம் பரவும். அந்த வெளிச்சத்தில்தான் ஆடினோம். நான் என் புத்திக்கு ஏத்த மாதிரி, அடிக்கிறதில் அதிக எண் வர்ற ஒரு சண்டைக்காரனை உருவாக்கினேன். முதல் அடியே ஒண்ணு விழுந்தது. இந்த ஆட்டத்தில் அடிக்கும்போது ஒண்ணு விழுந்தா எவ்வளவு கூட்டினாலும் தவறும். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஒண்ணா? தாயம்டா! காயை இறக்கு!" என்றார். தாயக்கட்டையில் எதுக்காகத் தவம் கிடப்போமோ அதுவே இங்கே நாசம். அம்மாவுக்கு இதை விளக்க பத்து நிமிஷம் ஆச்சு. இன்னும் அவர் ஏத்துக்கலை.

சித்தப்பா பையனுக்கு அப்போ 16 வயசு, இங்கேயே பிறந்தவன். அவனுக்குத் தமிழ் புரியும், ஆனா பேச மாட்டான். காரணம் எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வயசில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, பந்தியில் தாத்தாவைப் பார்த்து "நீ சாப்ட்டியா?" என்று கேட்டுட்டான். பந்தியே சிரிச்சது. அதோடு விடலை. ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு வீடியோ காலிலும் யாராவது ஒருத்தர் அந்தக் கதையை எடுப்பாங்க. பல தடவை எடுத்தது நான்தான். பாசத்தில்தான் சொன்னோம், உங்க வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. அவன் அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்ல ஆரம்பிச்சான்.

அவன் எடுத்துக்கிட்டது பாதி மனுஷன், பாதி ஆர்க். காட்டில் வளர்ந்தவன், பெரிய உடம்பு. ரெண்டாவது மணி நேரத்தில் ஒரு ஆத்துப் பாலம் வந்தது. பாலத்தில் சுங்கம் வாங்குற ஒரு கிழவி. தங்கச்சிக்கு என்ன தோணிச்சோ, கிழவியை அப்பத்தா குரலில் பேச வச்சுட்டா. கிழவிக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு கேட்கிறாள். எங்ககிட்ட மொத்தமே ஒண்ணுதான்.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவன் சொன்னான், தமிழில்: "நீ எங்களை விடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சி சிரிக்கலை. கிழவியாவே நிமிர்ந்து உட்கார்ந்து, "யார்றா இவன், என்னைய நீங்குறான்? ஆளுக்கு ரெண்டு காசு" என்றாள். அவ்வளவுதான். சுங்கம் ரெண்டு மடங்கு ஆச்சு. மதுரைப் பந்தியில் நடந்த அதே தப்பு. ஆனா இங்கே அதுக்குக் கிடைச்சது ஒரு விலை மட்டும்தான். விலையைச் சரிபண்ணவும் வழி இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சு, "பாட்டி, எனக்கு அம்மா இல்லை. காட்டுல மரியாதை யாரும் சொல்லித் தரலை. நீங்க சொல்லித் தாங்க" என்றான். உச்சரிப்பு கரடுமுரடாத்தான் இருந்தது. அதனால என்ன, அது ஆர்க் பேசுற தமிழ்.

டேபிளில் யாரும் பேசலை. நான்தான், என் புத்தி எங்கே போகும், "சரி, ரோல் பண்ணு, கூட எவ்வளவு கூட்டணும்?" என்றேன். தங்கச்சி டைஸைக் கையால் ஓரமா தள்ளி வச்சா. "தேவையில்லை. கிழவி வழி விடறா."

நான் எட்டு வருஷமா இஃப்-எல்ஸ்னு சொல்லிக்கிட்டு இருந்தது அங்கேதான் உடைஞ்சது. முடிவு சந்தேகமா இருந்தா மட்டும் உருட்டச் சொல்லுன்னு விதியே சொல்லுது. சந்தேகமா இல்லையான்னு தீர்மானிக்கிறது யார்? அந்த டேபிளில் இருக்கிறவங்களைத் தெரிஞ்ச ஒருத்தி. 320 பக்கமும் அவ கைக்குக் கொடுத்த கருவிப்பெட்டி. ப்ரோக்ராம்னு அதை நினைச்சது என் தப்பு.

அப்புறம் தேடிப் படிச்சதில், இதில் நான் முதல் ஆள் இல்லைன்னு தெரிஞ்சது. 1824-ல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடம், டைஸ், நிறைய அட்டவணைகளோட ஒரு போர் விளையாட்டைத் தலைமைத் தளபதி மியூஃப்லிங்கிடம் காட்டினார். தளபதி முதலில் வேண்டாவெறுப்பா உட்கார்ந்தாராம். ஆட்டம் போகப்போக, இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சின்னு சொல்லி படை முழுக்கப் பரிந்துரைச்சார். ஆனா அட்டவணைகள் பெருகி ஆட்டம் நத்தை வேகத்துக்கு வந்துடுச்சு. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல், அனுபவமுள்ள நடுவர் இருந்தா அட்டவணையே வேண்டாம், அவர் தீர்ப்பு போதும்னு எழுதினார். அடுத்த திருப்பம் 1969-ல், மினசோட்டாவில். டேவிட் வெஸ்லி ஒரு நெப்போலியன் காலப் போர் விளையாட்டை நடத்தினப்ப, ஆடினவங்க போரை விட்டுட்டு ஊருக்குள் சுத்தி, விதியில் இல்லாததையெல்லாம் செய்யக் கேட்டாங்க. வெஸ்லி ஆட்டம் சொதப்பிடுச்சுன்னு நினைச்சார். ஆடினவங்க எப்போ அடுத்ததுன்னு கேட்டாங்க. அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன்தான் பின்னாடி கேரி கைகாக்ஸோட சேர்ந்து 1974-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்.

ஏஐ கட்சிக்கு வர்றேன். கரெண்ட் வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, ஒரு மொழி மாடலிடம் அதே பாலம், அதே கிழவி, அதே காசைக் கொடுத்துப் பார்த்ததுதான். "நீ"ன்னு சொன்னேன். கிழவி கோவிச்சுக்கவே இல்லை, வழி விட்டுட்டா. கண்டிப்பா இருன்னு சொன்னேன், உடனே கண்டிப்பானா. தமிழ் கொஞ்சம் புத்தகத் தமிழ், ஆனா மோசமில்லை. இன்னும் ரெண்டு வருஷத்தில் அப்பத்தா மாதிரியே பேசும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வாதம் தரத்தைப் பற்றி இல்லை. மெஷினிடம் அந்தப் பையன் ஆயிரம் தடவை தப்பாப் பேசலாம், எதுவும் ஆகாது, ஏன்னா அங்கே சிரிக்க யாரும் இல்லை. அன்னிக்கு ராத்திரி அவன் தாண்டினது கிழவியை மட்டும் இல்லை. எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன்.

குறையே இல்லைன்னு சொல்ல வரலை. சண்டை இன்னும் எனக்கு அலுப்புதான். கதைக் கணக்கில் ஒரு சுற்று ஆறு விநாடி, நிஜத்தில் அரை மணி நேரம் ஓடுது. 2023 ஜனவரியில், 2000-லிருந்து இருந்த ஓப்பன் கேம் லைசென்ஸை மாத்தப் பார்த்து நிறுவனம் வாங்கிக் கட்டிக்கிட்டதை ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் மறக்கக் கூடாது. அந்தச் சண்டையில் நமக்கு ஒரு லாபம்: அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுட்டாங்க. ஆரம்பிக்கக் காசு செலவு பண்ண வேண்டியதில்லை.

நமக்கு என்ன இருக்குன்னு கேட்டேனே, அதுக்கும் பாதி பதில் ஏற்கனவே இருந்தது, நான்தான் பார்க்கலை. 2022-ல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்பில் 13 கதைகள், எழுதினவங்க எல்லாரும் வெள்ளையர் அல்லாதவங்க. மிமி மண்டல் எழுதினது வங்கத்து ஆறுகளை வச்சு. தொகுப்பை முன்னின்று நடத்தினவர்களில் ஒருத்தர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற சாந்தி பவன் பள்ளியோட தொடர்புள்ளவர். மீதிப் பாதி பதில், எங்க டேபிளில் அந்தக் கிழவி.

தமிழ்ப் பள்ளி நடத்துறவங்க இதைப் படிச்சா, குறள் ஒப்பிக்கிற போட்டியை நிறுத்தச் சொல்லலை. ஒரு சனிக்கிழமை மட்டும் டேபிளும் டைஸும் கொடுத்துப் பாருங்க. பெரியவங்க உட்காரலாம், ஆனா ஆடணும். வேடிக்கை பார்க்கக் கூடாது.

எங்க ஆட்டம் இன்னும் ஓடுது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இப்போ டஞ்சன் மாஸ்டர் சித்தப்பா பையன். போன வியாழக்கிழமை வேலை நேரத்தில் போன் பண்ணி, "அண்ணா, பேய்க்கு 'வாங்க' சொல்லணுமா, 'வா' சொல்லணுமா?" என்று கேட்டான். பேயோட வயசைப் பொறுத்துன்னு சொல்லியிருக்கேன்.