சிவகாசி ஆத்துல போற குப்பைக்கும் கடல் பவளப்பாறைக்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனா, மன்னார் வளைகுடா பவளப்பாறைகளோட நமக்கு நேரடித் தொடர்பு இருக்கு. எப்படி?

ஆறு போகும் வழி

சிவகாசி பகுதியில் ஓடும் அர்ஜுனா நதி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. அந்த வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுதான். ஆனா, வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் மண், சாக்கடை, பிளாஸ்டிக் எல்லாம் கடலுக்குத்தான் போகும்.

அங்கே என்ன இருக்கு?

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பவளப்பாறை வெறும் கல் இல்லை

பவளம் ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறி சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்தவுடனே செத்துவிட்டதாக அர்த்தமில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். 2016-ல் அப்படித் தணியவில்லை; மன்னார் வளைகுடாவில் சுமார் 16% பவளம் அழிந்தது.

மண்ணும் சாக்கடையும் என்ன செய்யும்?

கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. சேறு படிந்தால் பவளம் மூச்சுமுட்டும். புதுக் குஞ்சுப் பவளங்கள் ஒட்டி வளர சுத்தமான கெட்டியான பரப்பு வேண்டும்; அதுவும் போய்விடும். சாக்கடைச் சத்தில் கடற்பாசி செழித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, வெப்பத்தில் அடிபட்ட பவளம் மீண்டு எழுவதை இது தடுக்கிறது.

அழிந்தால் நமக்கென்ன?

மீன்கள் குஞ்சு வளர்க்கும் இடம் இது. நம்ம சந்தைக்கு வரும் மீனும் இதை நம்பியிருக்கிறது. கரைக்கு அலைத்தடுப்பும் இதுதான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். விளைவு? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-ல்தான் புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பு பவளத்துக்குக் கிடைத்தது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற கான்கிரீட் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

நாம என்ன செய்யலாம்?

கடல் சூடாவதை ஒரு ஊரால் நிறுத்த முடியாது. ஆனா, ஆற்றில் குப்பை கொட்டாமல் இருப்பதும், கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதும், மணல் அள்ளிக் கரையைக் கெடுக்காமல் இருப்பதும் நம்ம ஊராட்சி, நகராட்சி அளவிலேயே முடிகிற வேலைகள். அடுத்த மழைக்கு முன்னாடி ஒருதடவை அர்ஜுனா நதிப் பாலத்தில் நின்று கீழே பாருங்க. அங்கே கிடக்கிறதெல்லாம் கடலுக்குப் போகக் காத்திருக்கு.