காசு கொடுக்கிறோம்ல!

எத்தனையோ ஓட்டல்களில் கல்லாவுக்கு மேலே காந்தி படம் மாட்டியிருக்கும். படத்துக்குக் கீழே நாலைந்து வரி. நம் கடைக்கு வருகிறவர்களிலேயே வாடிக்கையாளர்தான் முக்கியமானவர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம், இந்தப் போக்கில் போகும். 1890ல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்று இடம், காலம் எல்லாம் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. 1890ல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியதே 1893ல்தான். அந்த வாசகம் 1940களின் அமெரிக்க வணிகப் பத்திரிகைகளில் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பெயரில் வந்திருக்கிறது. கார் விற்றவர் சொன்னதைக் கொண்டுபோய், ஆசிரமத்தில் தன் தட்டைத் தானே கழுவிய மனிதரின் வாயில் வைத்துவிட்டோம்.

வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் சரி என்ற பேச்சும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட், லண்டனில் 1909ல் பெருங்கடை திறந்த செல்ஃப்ரிட்ஜ், ஓட்டல் தொழிலில் சேசர் ரிட்ஸ் என்று பல பேர் அதற்கு உரிமை கொண்டாடலாம். விற்றதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று கடைக்காரர்கள் கையை விரித்த காலத்தில், சாயம் போனால் மாற்றித் தருவோம், அளவு சரியில்லையென்றால் காசைத் திருப்பித் தருவோம் என்று ஒரு வியாபாரி வாக்குக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அது சரக்குக்குக் கொடுத்த வாக்கு. சரக்கைத் தூக்கி வருகிற ஆளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாம்தான் வாடிக்கையாளரை ராஜா ஆக்கி, பிறகு தெய்வமாகவும் ஆக்கி, "காசு கொடுக்கிறோம்ல!" என்ற மூன்றாவது படிக்கு ஏற்றினோம்.

அந்தப் படியில் நின்று என்ன நடக்கிறது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு டிபன் ஓட்டலுக்குப் போனால் போதும். குடும்பத்தோடு வந்தவர் முறுகலாக ஒரு ரோஸ்ட் கேட்கிறார். வருகிறது. சாம்பார் இரண்டு தடவை, தேங்காய்ச் சட்னி மூன்று தடவை வாங்கி, ரோஸ்டில் முக்கால்வாசி உள்ளே போன பிறகு, "என்னய்யா இது, முறுகலாவா இருக்கு? மாத்திக் குடு" என்கிறார். சர்வருக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். "மாஸ்டர்கிட்ட சொல்றேன் சார்" என்று மிச்சத் தோசையோடு அடுக்களை ஜன்னலுக்குப் போகிறார். அங்கே மாஸ்டர், "முக்காத் தோசையத் தின்னுட்டு அனுப்புவாங்க, நீயும் எடுத்துட்டு வருவியா?" என்று அவர் மேலேயே பாய்கிறார். திரும்பி வருவதற்குள் இன்னொரு மேசையில் விரல் சொடுக்குகிற சத்தம். கடைசியில் ரோஸ்ட் கேட்டவர் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி டம்ளருக்குள் போட்டு, தட்டில் கை கழுவி, பில்லில் அந்த ரோஸ்டைக் கழிக்கச் சொல்லிக் கல்லாவில் நிற்கிறார். கவனித்துப் பாருங்கள், கல்லாவில் அவர் குரல் இறங்கியிருக்கும். சிரிப்புக்கூட வரும். மாவு புளித்ததற்கும், கல் சூடேறாததற்கும், நாலு பேர் செய்யவேண்டிய வேலைக்கு இரண்டு பேரை வைத்ததற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ராஜாவின் கோபம் சட்னி வாளியைத் தாண்டி அங்கே போவதில்லை.

காசு கொடுக்கிறோம் என்பதுதான் இந்த அதிகாரத்துக்குக் காரணம் என்றால், அதிகக் காசு கொடுக்கிற இடத்தில் அதிகாரமும் அதிகமாக இருக்கவேண்டும். அப்படி இருக்கிறதா? மாலில் இருநூற்றைம்பது ரூபாய்க் காபிக் கடையில் இதே மனிதர் வரிசையில் நிற்கிறார். பெயர் கேட்டால் சொல்கிறார், அதைக் கோப்பையில் தப்பாக எழுதினாலும் சிரித்துக்கொள்கிறார். தானே போய்த் தட்டை எடுத்து வருகிறார், குடித்து முடித்ததும் குப்பையைத் தானே கொண்டுபோய்ப் போடுகிறார். காபி ஆறிப்போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்துவிடுகிறார். நட்சத்திர ஓட்டலில் கோட்டுப் போட்ட பணியாளரிடம் பேசும்போது "ப்ளீஸ்" என்ற வார்த்தை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நாள் காலையில் டீக்கடையில் பதினைந்து ரூபாய் டீக்கு, "ஸ்ட்ராங்கா போடச் சொன்னேன்ல, காது கேக்கலையா?" பில் தொகை குறையக் குறைய ராஜாங்கம் ஏறுகிறது. அதனால் காசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதிரே நிற்கிறவன் திருப்பிப் பேச முடியாதவன் என்று தெரிந்துதான் நாக்கு நீளுகிறது.

இந்தப் பழக்கம் ஓட்டலில் தோன்றியதும் அல்ல. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நின்று பரிமாறுகிறவர் கீழே என்ற கணக்கை ஆண்கள் வீட்டிலேயே படித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஊர் படித்துக் கொடுத்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம், யாருக்கு எந்தக் குவளை என்று பிரித்து வைத்த ஊர்கள் இவை. ஓட்டல் போர்டில் "பிராமணாள்" என்று போட்டுக்கொள்வது சாதாரணமாக இருந்தது. அதை எதிர்த்து 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் நடத்திய மறியல் மாதக்கணக்கில் போனது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தனியாக எழுதவேண்டியிருந்தது. ஆக, காசு கொடுத்தால் யாரும் எந்த மேசையிலும் உட்காரலாம் என்பது அடிபட்டு வாங்கிய உரிமை. அதை வாங்கி வைத்துக்கொண்டு, மேசைக்கு இந்தப் பக்கம் சமமாக உட்கார்ந்த நாம், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய கீழ்ச்சாதியை நிற்க வைத்துவிட்டோம். இப்போது அங்கே நிற்பவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, அசாம் பக்கத்துப் பிள்ளைகள். சாம்பாரைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அவர்கள் நம் வசவுகளைக் கற்றுக்கொள்கிறார்கள்.

"அப்படியானால் ஊசிப்போன சட்னி வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். சத்தம் போட்டால்தான் ஓட்டல்காரன் ஒழுங்காக இருப்பான் என்பது இந்த நம்பிக்கையின் கடைசிக் கோட்டை, அதுவும் பொய்க்கோட்டை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986லேயே வந்தது, 2019ல் புதிதாக எழுதப்பட்டது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் பில்லிலேயே அச்சிட வேண்டும். கேட்காமல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் சொன்னதை 2025ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றது. இவற்றையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர்கள் பில்லைப் பத்திரப்படுத்தி, புகார் எழுதி, வாய்தாவுக்கு அலைந்தவர்கள். சர்வரை "டேய்" என்று கூப்பிட்டவர் அடுத்த ஆளுக்கு நல்ல எண்ணெயில் பொரித்த வடை வாங்கிக் கொடுத்ததில்லை. மிஞ்சிப்போனால் அவருக்கு ஒரு ரோஸ்ட் இலவசமாகக் கிடைத்திருக்கும். சத்தம் போடாத பக்கத்து மேசைக்காரர் இருபது நிமிடம் கூடக் காத்திருந்திருப்பார்.

பரிமாறுகிறவர் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். விடியற்காலை இட்லி அவிப்பதில் தொடங்கி, மத்தியானம் ஒரு இடைவெளி விட்டு, ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நின்றே இருக்கிற கால்களில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருக்கும். பாத்திரம் கழுவுகிறவர் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறவே ஆறாது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட நியாயம். தெய்வத்துக்கு முன்னால் உட்காரக்கூடாதல்லவா?

வாசலுக்கே கொண்டுவந்து தருகிறவர்கள் கதை இன்னும் மோசம். சமையல் தாமதமானது ஓட்டலில், மாட்டிக்கொண்டது போக்குவரத்தில், ஆனால் ஒற்றை நட்சத்திரம் விழுவது வண்டி ஓட்டியவர் தலையில். பொட்டலத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிவரச் சொல்கிறவர்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே, டெலிவரி ஆட்கள் லிப்ட் பயன்படுத்தக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும். 2019ல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருகிறவர் இந்து இல்லை என்பதற்காக ஆளை மாற்றச் சொன்னார், முடியாது என்றதும் ஆர்டரை ரத்து செய்தார். சொமாட்டோ கம்பெனி அவருக்கு இறங்கிப் போகவில்லை. அவர் கேட்டதும் வாடிக்கையாளர் உரிமை என்ற பெயரில்தான். எப்போதும் சரி என்று ஒருவரை ஒப்புக்கொண்டால் அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். விருகம்பாக்கத்தில் 2018ல் பிரியாணி ஓசியில் கிடைக்கவில்லை என்று கடை ஊழியர்களைக் குத்திய ஓர் அரசியல் பிரமுகரை வீடியோவில் பார்த்து ஊரே காறித் துப்பியது. நியாயம்தான். ஆனால் அவர் கையால் செய்ததை நாக்கால் செய்கிறவர்களுக்கு வீடியோ இல்லை.

வாடிக்கையாளர் தெய்வம் என்பதை நம்மைவிட விசுவாசமாகப் பிடித்துக்கொண்ட நாடு ஜப்பான். மினாமி ஹாருவோ என்ற பாடகர், தெய்வத்தின் முன் நிற்பதுபோல் மனதைச் சுத்தப்படுத்திக்கொண்டு ரசிகர் முன் பாடுவதாகச் சொன்னார். அதைக் கடைக்காரர்களும் கடைக்கு வருகிறவர்களும் தங்களுக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டார்கள். பணியாளரை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைக்கும் அளவுக்குப் போனது. 2025 ஏப்ரல் 1 முதல் டோக்கியோவில் வாடிக்கையாளர் தொல்லையைத் தடுக்கத் தனி விதிமுறையே அமலில் இருக்கிறது. தண்டனை கிடையாது என்றாலும், தெய்வமும் தொல்லை செய்யக்கூடும் என்று ஒரு மாநகரம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த நம்பிக்கையில் லாபம் பார்ப்பது யார் என்று கேட்டால், சாப்பிட வந்தவர் அல்ல, முதலாளிதான். வாடிக்கையாளர் தெய்வம் என்று சொல்லிவிட்டால் கூட்டம் அதிகமான நேரத்துக்குக் கூடுதலாக ஒரு ஆள் போடவேண்டியதில்லை. வசவு முழுவதையும் சர்வர் வாங்கிக்கொள்வார். பில் கட்டாமல் நழுவியவர் தொகையையும் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. எல்லா முதலாளிகளும் அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் மெஸ் நடத்துகிற அம்மா ஒருவர், பரிமாறுகிற பையனை ஒருவர் அம்மாவை இழுத்துத் திட்டியபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "எந்திரிங்க தம்பி. சாப்ட்ட வரைக்கும் காசு வேணாம், நாளைக்கி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். திட்டியவர் எழுந்து போனார். அந்த இலையை எடுப்பதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிற முதலாளிகள் ஒரு மத்தியானம் அங்கே போய் இலைக்கு நின்று பார்க்கலாம்.

ஓட்டல் வாசலில் இன்றைக்கு நிரந்தரமாகத் தொங்குகிற அறிவிப்பு, "சர்வர், கிளீனர், டீ மாஸ்டர் தேவை. உணவு, தங்குமிடம் இலவசம்." உள்ளூர்ப் பையன்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை, உழைக்க மனசில்லை, போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலாளிகள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையன்களும் இதே ஓட்டல்களில்தான் சாப்பிடுகிறார்கள். சர்வரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் சின்ன வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். எப்படி வருவார்கள்?